ஈரல் புற்றுக்கு டேஸ் + அட்டெசோ-பெவ்: இரண்டாம் கட்டச் சோதனை வரைவு, ஓட்டைகளைச் சொல்லுங்கள்

சயான்_ரெசிடென்ட்

வணக்கம். மும்பையில் நடத்தத் திட்டமிட்டிருக்கும் ஒரு சோதனையின் வரைவு இது. டேஸ் என்பது கட்டிக்குப் போகும் தமனிக்குள் கீமோ மருந்தை விட்டு அந்தக் குழாயை அடைப்பது. அட்டெசோ-பெவ் என்பது இரண்டு மருந்து: நோய் எதிர்ப்பைத் தூண்டும் அட்டெசோலிசுமாப், கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப். கம்பெனி ஸ்பான்சர் கிடையாது, ஆய்வாளரே முன்னெடுப்பது. எதிக்ஸ் கமிட்டி மேசைக்குப் போகும் முன்னால் இங்கே பிரித்து மேய்ந்துவிடுங்கள்.

யாருக்கு: அறுவைக்கு வராத ஹெப்படோசெல்லுலார் கார்சினோமா (ஈரல் செல்லிலேயே தொடங்கும் புற்று). பி.சி.எல்.சி (நோயின் நிலை) 'பி' அல்லது 'சி', சைல்ட்-பியூ (ஈரலின் வேலைத்திறன்) 'ஏ', ஈகாக் (நடமாடும் திறன்) 0 அல்லது 1.

என்ன: முதல் நாள் டேஸ். அதே அட்மிஷனில் அட்டெசோலிசுமாப் 1200 மி.கி, பெவாசிசுமாப் கிலோவுக்கு 15 மி.கி. பிறகு 3 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மருந்தும். தேவைப்பட்டால் மறுபடி டேஸ்.

எப்படி: சிங்கிள் ஆர்ம் (ஒரே குழு, ஒப்பிட வேறு குழு இல்லை). முதன்மை முடிவு எம்-ரெசிஸ்ட் (ஸ்கேனில் கட்டியை அளக்கும் முறை) படி ரெஸ்பான்ஸ், அதாவது கட்டி சுருங்கியவர்களின் விகிதம். சைமன் இரண்டு நிலை (முதலில் சிலரைப் பார்த்து, தேறினால் மட்டும் தொடரும் கணக்கு), 30% இருந்தால் போதாது, 50% வேண்டும். முதல் 15 பேரில் 5 அல்லது அதற்குக் குறைவாகச் சுருங்கினால் நிறுத்தம். இல்லையென்றால் 46 பேர் வரை. 18-ஐத் தாண்டினால் அடுத்த கட்டம்.

புள்ளிக்காரன்

சைமன் எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன (ஆல்ஃபா, அதாவது இல்லாத பலனை உண்டு என்று நம்பிவிடும் வாய்ப்பு, 5%; பவர், அதாவது இருக்கும் பலனைப் பிடிக்கும் வாய்ப்பு, 80%). அதற்கு அடியில் இருக்கும் 30% தான் சரியில்லை.

அந்த 30% ஐஎம்பிரேவ்150-ல் (அட்டெசோ-பெவ்வைப் பழைய மாத்திரையான சோராஃபெனிபோடு ஒப்பிட்ட பெரிய சோதனை) அட்டெசோ-பெவ் ஜோடிக்கு ரெசிஸ்ட் 1.1 அளவுகோலில் கிடைத்தது. அங்கே டேஸ் கிடையாது. ரெசிஸ்ட் 1.1 கட்டியின் முழு நீளத்தை அளக்கிறது. எம்-ரெசிஸ்ட், ஆர்டீரியல் ஃபேஸில் (சாயம் தமனியில் ஓடும் நேரத்தில்) பளிச்சென்று தெரியும் பகுதியை மட்டும் அளக்கிறது. டேஸ் செய்தால் கட்டி அதே அளவில் நிற்கும், ஆனால் உள்ளே செத்துக் கருத்துவிடும். ரெசிஸ்ட் 1.1-ல் அது 'ஸ்டேபிள்'. எம்-ரெசிஸ்டில் அதே கட்டி 'கம்ப்ளீட் ரெஸ்பான்ஸ்' ஆகக்கூட வரும். அதாவது மருந்துக்குப் பதில் வெறும் சலைன் ஏற்றினாலும், ரேடியாலஜிஸ்ட் கைவண்ணத்திலேயே நீங்கள் 18-ஐத் தாண்டிவிடலாம்.

ஒப்பிட ஆளில்லாமல் செய்யாதீர்கள். ஒப்பிட ஆளிருந்தாலும் எண்ணிக்கை குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மார்ஃபியஸ்-லிவர் உதாரணம். அட்டெசோ-பெவ்வோடு டிராகோலுமாப் என்ற மருந்தும் சேர்த்த 40 பேரில் ரெஸ்பான்ஸ் 42.5%, அட்டெசோ-பெவ் மட்டும் பெற்ற 18 பேரில் 11.1%. பார்த்தால் நாலு மடங்கு. ஆனால் அதே அட்டெசோ-பெவ் பெரிய சோதனையில் 30% காட்டியது. 18 பேரில் 2 பேருக்குச் சுருங்கினால் 11%, 5 பேருக்குச் சுருங்கினால் 28%. மூன்று பேர் இங்கிருந்து அங்கே போனால் கதையே மாறுகிறது.

ஆன்கோ_பரேல்

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பி.சி.எல்.சி 'பி', 'சி' இரண்டையும் ஒரே சோதனைக்குள் போட்டிருக்கிறீர்களே, கேட்கும் கேள்வி எது?

கட்டி ஈரலுக்குள்ளேயே இருக்கிற 'பி' நோயாளிக்கு டேஸ் வழக்கமான சிகிச்சை. அங்கே கேள்வி: டேஸோடு மருந்தைச் சேர்த்தால் பலன் கூடுமா? ரத்தக் குழாயில் புகுந்த, நுரையீரலுக்குப் போன 'சி' நோயாளிக்கு மருந்துதான் வழக்கம். அங்கே கேள்வி: மருந்தோடு டேஸைச் சேர்த்தால் கூடுமா? இரண்டுக்கும் கன்ட்ரோல் (ஒப்பிடும் குழு) வேறு, எதிர்பார்க்கும் ஆயுள் வேறு, ஈரல் கெடும் வேகமும் வேறு. கலந்தால் எந்தக் கேள்விக்கும் பதில் வராது.

முதல் கேள்விக்கு ஏற்கெனவே பெரிய சோதனைகள் வந்துவிட்டன. எமரால்டு-1: டேஸ் மட்டும், டேஸ் + துர்வலுமாப் (அட்டெசோ வகை மருந்து), டேஸ் + துர்வலுமாப் + பெவாசிசுமாப் என்று மூன்று ஆர்ம், 616 பேர். நோய் முற்றாமல் இருந்த காலம் மூன்றையும் சேர்த்த ஆர்மில் 15 மாதம், டேஸ் மட்டும் பெற்றவர்களில் 8.2 மாதம் (ஹெச்.ஆர், அதாவது இரு குழுவின் ஆபத்து விகிதம், 0.77; 1-க்கு எவ்வளவு கீழோ அவ்வளவு பலன்). துர்வலுமாப் மட்டும் சேர்த்த ஆர்ம் 10 மாதம், அது புள்ளியியல்படி தேறவில்லை. மூன்று ஆர்ம் வைத்ததால்தான் பெவ் இல்லாமல் நகராது என்று தெரிந்தது. லீப்-012: டேஸோடு லென்வாட்டினிப் (மாத்திரை) + பெம்ப்ரோலிசுமாப் (இதுவும் அட்டெசோ வகை) எதிர் டேஸ் மட்டும், அதே காலம் 14.6 எதிர் 10 மாதம்.

இரண்டிலும் காட்டியது பி.எஃப்.எஸ், அதாவது இந்த நோய் முற்றாத காலம். ஆயுள் கூடியது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஈரல் புற்றில் பி.எஃப்.எஸ் பலமுறை ஏமாற்றியிருக்கிறது. காஸ்மிக்-312-ல் சோராஃபெனிபோடு ஒப்பிட்டால் கபோசான்டினிப் + அட்டெசோலிசுமாப் பி.எஃப்.எஸ்-ஐ 4.2-லிருந்து 6.8 மாதமாக உயர்த்தியது, ஆயுளோ 15.4 எதிர் 15.5 மாதம்.

சயான்_ரெசிடென்ட்

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் 'சி' தான் சார். பெரிய கட்டி, போர்ட்டல் வெயின் (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) கிளையில் அடைப்பு. அப்படியென்றால் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: அட்டெசோ-பெவ் + டேஸ் எதிர் அட்டெசோ-பெவ் மட்டும்.

ஆன்கோ_பரேல்

நல்லது. அதற்குப் பக்கத்தில் வரும் சான்று லாஞ்ச். சீனாவில் நடந்தது, லென்வாட்டினிப் + டேஸ் எதிர் லென்வாட்டினிப் மட்டும்: ஆயுள் 17.8 எதிர் 11.5 மாதம், ஹெச்.ஆர் 0.45. இவ்வளவு பெரிய பலனை அப்படியே நம்பி உங்கள் கணக்கைப் போடாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி நோயாளிகள். இங்கே சாராயமும் கொழுப்பு ஈரலும் கணிசம். வைரஸ் ஈரலைவிட இந்த ஈரல் அடிக்கு வேறு மாதிரி வளைந்து கொடுக்கும்.

ஆஞ்சியோ_அறை

எந்த டேஸ் என்று வரைவில் இல்லை. வழக்கமான லிப்பியோடால் (மருந்தைச் சுமக்கும் எண்ணெய்ச் சாயம்) முறையா, மருந்து ஏற்றிய பீட்ஸா (நுண்மணிகள்)? டாக்ஸோரூபிசின் (கீமோ மருந்து) எவ்வளவு? லோப் (ஈரலின் ஒரு பக்கம்) முழுக்கவா, கட்டிக்குப் போகும் கிளைக்குள் மட்டுமா? இதை எழுதாவிட்டால் ஆளுக்கொரு டேஸ் செய்வார்கள்.

நான் எழுதினால் இப்படி: லிப்பியோடால் முறையென்றால் டாக்ஸோரூபிசின் 50 மி.கி, லிப்பியோடால் 10 மி.லி-க்குள், பிறகு குழாயை அடைக்க ஜெல்ஃபோம். பீட்ஸ் என்றால் 100–300 மைக்ரான், ஒரு குப்பிக்கு 50 முதல் 75 மி.கி டாக்ஸோரூபிசின். மைக்ரோகதீட்டர் கட்டாயம். இரண்டு லோபிலும் கட்டியிருந்தால் ஒரே நாளில் இரண்டையும் தொடக்கூடாது, 3–4 வாரம் இடைவெளி. பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருந்தாலோ, பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த அறுவை முன்பு நடந்திருந்தாலோ சேர்க்காதீர்கள். குடல் கிருமி மேலே ஏறியிருக்கும். செத்த கட்டி சீழ்க்கட்டியாகும்.

போர்ட்டல் வெயின் விஷயம். கிளையில் அடைப்பென்றால் தேர்ந்தெடுத்துச் செய்யலாம். மெயின் ட்ரங்கிலேயே அடைப்பென்றால், ஈரல் உயிரோடிருப்பதே ஹெப்பாட்டிக் ஆர்ட்டரி (ஈரல் தமனி) ரத்தத்தால்தான். அதையும் அடைத்தால் என்ன மிஞ்சும்? ஐஎம்பிரேவ்150-ல் மெயின் ட்ரங்க் அடைப்பு உள்ளவர்களையும் சேர்த்தார்கள் என்பதால் இங்கேயும் சேர்க்கலாம் என்று வரைவை நகல் எடுத்துவிடாதீர்கள். அவர்கள் ஆர்ட்டரியைத் தொடவில்லை.

அடுத்து, லிப்பியோடால் சி.டி-யில் வெள்ளை வெளேரென்று நிற்கும். அதன் பின்னால் உயிரோடிருக்கும் கட்டி பளிச்சிடுகிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். லிப்பியோடால் முறைதான் என்றால் ஃபாலோ-அப் ஸ்கேனை சப்ட்ராக்ஷனோடு (சாயத்துக்கு முந்தைய படத்தைக் கழித்து) எம்.ஆர்.ஐ என்று எழுதிவிடுங்கள். ஒரு சென்டரில் சி.டி, இன்னொன்றில் எம்.ஆர்.ஐ என்று விட்டால் புள்ளிக்காரன் அழுவார்.

புள்ளிக்காரன்

அழுதே விட்டேன்.

ஈரல்_வார்டு

அதே அட்மிஷனில் பெவாசிசுமாப் என்பதை முதலில் அடியுங்கள். டேஸுக்குப் பிறகு கட்டியில் ஆக்ஸிஜன் குறைந்து வி.இ.ஜி.எஃப் (புது ரத்தக் குழாயை வளர்க்கும் புரதம், பெவ் தடுப்பது இதைத்தான்) எகிறும், அந்த நேரத்திலேயே பெவ் கொடுத்தால் நல்லது என்ற வாதம் காகிதத்தில் அழகு. அதே 72 மணி நேரத்தில்தான் காய்ச்சல், வலி, ஏ.எல்.டி (ஈரல் செல் சேதத்தைக் காட்டும் ரத்த அளவு) ஏற்றம் எல்லாம் உச்சத்துக்கு வரும். தொடையில் பங்சர் ஆறியிருக்காது. எமரால்டு-1-லும் டேஸ் சுற்றுகள் முடிந்த பிறகுதான் பெவ் தொடங்கினார்கள்.

டேஸ் முடிந்து குறைந்தது 14 நாள். பிலிருபின் (காமாலை அளவு) பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும், காய்ச்சல் போயிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தள்ளிப்போடுங்கள்.

எண்டோஸ்கோபி பற்றி ஒரு வரிகூட இல்லையே? ஐஎம்பிரேவ்150-ல் மருந்து தொடங்குவதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் ஸ்கோப் செய்து, வேரிசஸ் (உணவுக்குழாயில் புடைத்த ரத்த நாளங்கள்) இருந்தால் சிகிச்சை கொடுத்த பிறகே சேர்த்தார்கள். அப்படியிருந்தும் அந்த ஆர்மில் மேல் குடல் ரத்தக்கசிவு 7%. போர்ட்டல் வெயின் அடைப்புள்ளவருக்கு 6 மாதப் பழைய ஸ்கோப்பை நம்ப மாட்டேன். அடைப்பு வந்த பிறகு எடுத்த ஸ்கோப் வேண்டும். பெரிய வேரிசஸ் என்றால் பேண்ட் (நாளத்தைக் கட்டும் ரப்பர் வளையம்) போட்டு, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து, அடங்கிய பிறகு பெவ். நாள அழுத்தத்தைக் குறைக்க கார்வெடிலால் 6.25-ல் தொடங்கி, பி.பி இடம் கொடுத்தால் 12.5 மி.கி. பேண்ட் போட்ட புண் ஆறாத உணவுக்குழாயில் பெவ் ஏற்றினால் பேண்ட் விழும்போது ரத்தம் கொட்டும்.

அடுத்தது சைல்ட்-பியூ 'ஏ'. இது சல்லடையே இல்லை. ஒருவருக்கு ஆல்புமின் 4.4, பிலிருபின் 0.7. இன்னொருவருக்கு ஆல்புமின் 3.6, பிலிருபின் 1.8. இருவருக்கும் வயிற்றில் நீர் இல்லை, குழப்பம் இல்லை, ஐ.என்.ஆர் (ரத்தம் உறையும் அளவு) சரி. இருவருமே சைல்ட்-பியூ 5. ஆல்பி (ஆல்புமின்-பிலிருபின் மதிப்பெண், எண் குறையக் குறைய நல்லது) போட்டுப் பாருங்கள்: முதலாமவர் −3.03, கிரேடு 1. இரண்டாமவர் −2.08, கிரேடு 2. இரண்டு டேஸுக்குப் பிறகு இரண்டாமவர் எங்கே இருப்பார் என்று ஜோசியம் கேட்கத் தேவையில்லை. ரேண்டமைஸ் செய்யும்போது (குலுக்கல் முறையில் குழு பிரிக்கும்போது) ஆல்பி கிரேடால் பிரியுங்கள். ஆர்ம் இரண்டிலும் ஈரல் சமமாக விழ வேண்டும்.

சயான்_ரெசிடென்ட்

ஆல்பி கணக்கு எந்த யூனிட்டில் மேடம்? எங்கள் லேப் ரிப்போர்ட் மி.கி/டெ.லி.

ஈரல்_வார்டு

பிலிருபினை 17.1-ஆல் பெருக்கி மைக்ரோமோலாக்கு. ஆல்புமினை 10-ஆல் பெருக்கி லிட்டருக்கு கிராமாக்கு. பிறகு: பிலிருபினின் லாக் (அடி 10) × 0.66, அதிலிருந்து ஆல்புமின் × 0.085-ஐக் கழி. −2.60 அல்லது அதற்குக் கீழே கிரேடு 1, −1.39 வரை கிரேடு 2. அதற்கு மேல் 3. யூனிட் மாற்றாமல் எக்ஸெல்லில் போட்டால் எல்லோரும் கிரேடு 3 ஆகிவிடுவார்கள். அந்த ஷீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

மாட்டுங்கா_பார்மசி

மருந்து பக்கத்திலிருந்து.

அட்டெசோலிசுமாப் 1200 மி.கி ஒரே குப்பி, 20 மி.லி. 250 மி.லி நார்மல் சலைன் பையில் கலந்து முதல் முறை 60 நிமிடம், தாங்கினால் அடுத்த முறையிலிருந்து 30. பெவாசிசுமாப் 100 மி.லி நார்மல் சலைனில். முதல் முறை 90 நிமிடம், பிறகு 60, பிறகு 30. டெக்ஸ்ட்ரோஸ் பக்கமே போகக்கூடாது. குப்பியைக் குலுக்காதீர்கள். முதலில் அட்டெசோ, பிறகு பெவ்.

பெவ் எடைக்கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 900 மி.கி: 400 இரண்டு, 100 ஒன்று, மிச்சமில்லை. 55 கிலோ ஆளுக்கு 825: அதே மூன்று குப்பி, 75 மி.கி வீண். ஒரே நாளில் இரண்டு நோயாளிகளை வரவழைத்தால் வீணாவது குறையும். இதை பட்ஜெட்டில் காட்டுங்கள், கமிட்டி ரசிக்கும்.

ஆனால் அந்த எடையில் எவ்வளவு தண்ணீர்? ஈரல் நோயாளியின் எடை ஏறினால் சந்தோஷப்படக் கூடாது. வயிற்றில் 5 லிட்டர் நீர் என்றால் 75 மி.கி பெவ் தண்ணீருக்குப் போகிறது. உலர் எடையை எழுதி வையுங்கள். 10%-க்கு மேல் மாறினால் டோஸைத் திரும்பக் கணக்கிட வேண்டும் என்று எழுதும்போது, ஏற்றம் நீரால் என்றால் டோஸ் கூட்டாமல் முதலில் ஆளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். லென்வாட்டினிபுக்கும் இதே சிக்கல்: 60 கிலோவுக்குக் கீழே 8 மி.கி, 60-ம் அதற்கு மேலும் 12 மி.கி. 58 கிலோ ஆள் இரண்டு லிட்டர் நீரோடு தராசில் ஏறினால் ஒன்றரை மடங்கு மருந்து போய்விடும்.

ஒவ்வொரு பெவ்வுக்கும் முன்னால் பி.பி, சிறுநீர் டிப்ஸ்டிக். 2+ என்றால் 24 மணி நேரச் சிறுநீர். 2 கிராம் புரதத்தைத் தொட்டால் பெவ் நிறுத்தம், அட்டெசோ தொடரலாம்.

விக்ரோலி_தமிழன்

கன்ட்ரோலாக சோராஃபெனிப் வைத்தால் செலவு எவ்வளவோ குறையுமே? அரசு மருத்துவமனைகளில் இன்னும் அதுதானே ஓடுகிறது.

மாட்டுங்கா_பார்மசி

விலை குறைந்த கதை தெரியுமா? மாதத்துக்கு 120 மாத்திரை 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்ற சோராஃபெனிபை, 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் வாங்கி 8,880 ரூபாய்க்கு நாட்கோ கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் கட்டாய உரிமம். உத்தரவு வந்தது இதே மும்பை பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து. 2014-ல் பம்பாய் ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. அந்த வழக்கு நடந்ததே ஈரல், சிறுநீரகப் புற்று நோயாளிகளுக்காகத்தான். இம்யூனோதெரபிக்கு அப்படி ஒரு கதவு இன்னும் திறக்கவில்லை.

ஆன்கோ_பரேல்

விலை மலிவு என்பதற்காக கன்ட்ரோலில் சோராஃபெனிப் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐஎம்பிரேவ்150-ல் ஆயுள் அட்டெசோ-பெவ் 19.2, சோராஃபெனிப் 13.4 மாதம். ஹிமாலயாவில் ட்ரெமெலிமுமாப் 300 மி.கி ஒரே ஒரு டோஸ், துர்வலுமாப் 1500 மி.கி மாதாமாதம்: ஐந்தாண்டில் உயிரோடிருந்தவர்கள் 19.6%, சோராஃபெனிபில் 9.4%. இது தெரிந்த பிறகு பாதிப் பேரைத் தெரிந்தே பின்தங்கிய மருந்தில் போட்டுவிட்டு, நம் காம்பினேஷன் ஜெயித்தது என்று சொன்னால் எதை ஜெயித்தது? பழைய மருந்தை எல்லோரும் ஜெயித்தாகிவிட்டது.

விக்ரோலி_தமிழன்

பணம் இல்லாமல் எதுவுமே கிடைக்காதவருக்கு சோராஃபெனிபாவது கிடைக்குமே என்ற கோணத்தில் கேட்டேன். டாடா மருத்துவமனையில் தலை-கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் (இதுவும் இம்யூனோதெரபி) 20 மி.கி, 3 வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து, ஓராண்டு உயிர்வாழ்வு 16.3%-லிருந்து 43.4% ஆனது அல்லவா? அந்த மாதிரி ஈரலுக்கும் குறைந்த டோஸ்?

ஆன்கோ_பரேல்

நல்ல கேள்வி, ஆனால் அது தனிச் சோதனை. அங்கே நிவோலுமாப் தனியாகப் போகவில்லை. வாய்வழி மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மூன்றோடும் சேர்ந்து போனது. கன்ட்ரோலிலும் அந்த மூன்றும் இருந்தன, அதனால் பலன் நிவோவுடையது என்று சொல்ல முடிந்தது. வடிவமைப்பில் அதைத்தான் காப்பி அடிக்க வேண்டும், டோஸை அல்ல. ஈரல் புற்றில் நிவோலுமாப் முழு டோஸே தனியாக சோராஃபெனிபை ஜெயிக்கவில்லை: செக்மேட் 459, 16.4 எதிர் 14.7 மாதம், பி மதிப்பு 0.075. இபிலிமுமாப் சேர்த்து செக்மேட் 9டிடபிள்யூ-வில்தான், லென்வாட்டினிப் அல்லது சோராஃபெனிப் பெற்ற குழுவை ஜெயித்தது, 23.7 எதிர் 20.6. அதிலும் முதல் சில மாதம் காம்பினேஷன் கோடு கீழேதான் ஓடியது.

புள்ளிக்காரன்

கன்ட்ரோல் பற்றிப் பேசும்போது லீப்-002-ஐயும் சொல்ல வேண்டும். லென்வாட்டினிப் + பெம்ப்ரோ 21.2 மாதம், லென்வாட்டினிப் + டம்மி 19. தோல்வி. காம்பினேஷன் மோசமில்லை, கன்ட்ரோல் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. ரிஃப்ளெக்ட் சோதனையில் அதே லென்வாட்டினிப் 13.6 மாதம். அடுத்த கட்ட மருந்துகள் வந்துவிட்டதால் எல்லோருடைய ஆயுளும் கூடியிருக்கிறது. பழைய பேப்பரிலிருந்து கன்ட்ரோல் மீடியனைத் தூக்கிப் போட்டால் இப்படித்தான் காலை வாரும்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். ஆயுளை முதன்மை முடிவாக வைத்து, ஹெச்.ஆர் 0.70 என்று நம்பி, இருபக்க ஆல்ஃபா 5%, பவர் 80% என்றால் 247 மரணங்கள் வேண்டும். 0.75 என்றால் 380. மும்பை முழுக்கச் சேர்ந்தாலும் ஒரு ரெசிடென்ட் ஆயுளில் முடியாது. இரண்டாம் கட்டத்துக்கு பி.எஃப்.எஸ், ஹெச்.ஆர் 0.60, ஒருபக்க ஆல்ஃபா 10%, பவர் 80%: 70 நிகழ்வுகள். ஏறக்குறைய 95–100 பேர். இது நடக்கும் காரியம். ஜெயித்தாலும் 'மூன்றாம் கட்டத்துக்குப் போகலாம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

நோய் முற்றியது என்பதை எந்த அளவுகோலில் முடிவு செய்வது என்பதில் கவனம். டேக்டிக்ஸில் (டேஸ் + சோராஃபெனிப் எதிர் டேஸ் மட்டும்) ஈரலுக்குள் புதுக் கட்டி வந்தாலும் நோய் முற்றியதாகக் கணக்கிடவில்லை; 25.2 எதிர் 13.5 மாதம் என்று பி.எஃப்.எஸ் பிரமாதமாக வந்தது, ஆயுளில் வித்தியாசம் தேறவில்லை. நீங்கள் ரெசிஸ்ட் 1.1 வைத்துக்கொள்ளுங்கள், எம்-ரெசிஸ்ட் துணைக்கு. ஸ்கேன் இரண்டு ஆர்முக்கும் ஒரே தேதியில், ரேண்டமைஸ் செய்த நாளிலிருந்து எண்ணி 8 வாரத்துக்கு ஒருமுறை. டேஸ் நாளிலிருந்து எண்ணினால் டேஸ் ஆர்மில் ஸ்கேன் தள்ளிப் போகும். தள்ளி எடுத்தால் நோய் முற்றியிருப்பதும் தள்ளித்தான் தெரியும், அதுவே பலனாகக் காட்டும்.

சயான்_ரெசிடென்ட்

பாதுகாப்புக்கு முதல் 6 பேரில் ரன்-இன் (முன்னோட்டம்), 1 பேருக்கு மேல் டி.எல்.டி (சிகிச்சையை நிறுத்த வைக்கும் கடும் பக்கவிளைவு) வந்தால் நிறுத்தம் என்று வைக்கலாமா?

புள்ளிக்காரன்

உண்மையான டி.எல்.டி விகிதம் மூன்றில் ஒன்று என்று வையுங்கள், மோசமான நிலைமை. அப்படியிருந்தும் 6 பேரில் 0 அல்லது 1 மட்டும் தென்பட 35% வாய்ப்பு. மூன்றில் ஒருமுறை ஆபத்து கண்ணில் படாமல் தாண்டிவிடும். 12 பேரில் 2-க்கு மேல் கூடாது என்றால் அந்த வாய்ப்பு 18%. பன்னிரண்டு வையுங்கள்.

ஈரல்_வார்டு

எதை டி.எல்.டி என்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கே தலைகீழாகும். டேஸ் செய்த மறுநாள் ஏ.எல்.டி 400 என்பது சகஜம். சி.டி.சி.ஏ.ஈ (பக்கவிளைவுக்கு கிரேடு போடும் பட்டியல்) பதிப்பு 5 அப்படியே வைத்தால் முதல் வாரத்திலேயே பாதிப் பேர் கிரேடு 3. அதனால்: டேஸுக்குப் பின் 14 நாளுக்குள் வரும் தனி ஏ.எல்.டி ஏற்றம் டி.எல்.டி இல்லை, அதோடு பிலிருபினும் ஏறி 3-ஐத் தாண்டினாலோ, புதிதாக வயிற்றில் நீர் வந்தாலோ, 14 நாளில் இறங்காவிட்டாலோ டி.எல்.டி. கவனிக்கும் காலம் முதல் மருந்திலிருந்து 6 வாரமாவது வேண்டும். இம்யூன் ஹெபடைடிஸ் (அட்டெசோ தூண்டிய எதிர்ப்பு ஈரலையே தாக்குவது) அவசரப்பட்டு வராது, பெரும்பாலும் 4 முதல் 12 வாரத்துக்குள்தான் தலைகாட்டும்.

ஏ.எல்.டி ஏறினால் ஸ்டீராய்டு எழுதும் முன் பார்க்க வேண்டியது: டேஸ் எப்போது? ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ எவ்வளவு? (எச்.பி.எஸ்.ஏ.ஜி, அதாவது ஹெபடைடிஸ் பி பரிசோதனை, பாசிட்டிவ் என்றால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் சோதனைக்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஐஎம்பிரேவ்150-ல் டி.என்.ஏ 500-க்குக் கீழே கேட்டார்கள்.) டி.பி மாத்திரை ஏதும்? இந்த ஊரில் இதைக் கேட்காமல் இருக்கவே முடியாது. டாப்ளரில் போர்ட்டல் வெயின் புதிதாக அடைத்திருக்கிறதா?

அப்புறம் சீந்தில். கிலாய் என்று மெடிக்கல் ஷாப்பிலேயே விற்கும் அதே கொடிதான். அதைக் குடித்து ஆட்டோஇம்யூன் மாதிரியான ஹெபடைடிஸ் வந்த 6 பேரை 2021-ல் மும்பையிலிருந்தே பதிவு செய்தார்கள். ஆயுஷ் தரப்பு மறுத்தது, அது வேறு கதை. பயாப்ஸியில் இதையும் செக்பாயின்ட் மருந்தின் (அட்டெசோ வகை) ஹெபடைடிஸையும் பிரிப்பது சுலபமில்லை. 'வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். கீழாநெல்லி, சீந்தில், நெல்லிச்சாறு எல்லாம் வரிசையாக வரும்.

எல்லாம் கழித்த பிறகு இம்யூன் ஹெபடைடிஸ் கிரேடு 3 என்றால் பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி, இறங்கியதும் 4–6 வாரத்தில் மெதுவாகக் குறைக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் மைக்கோஃபினோலேட். இன்ஃப்லிக்சிமாப் ஈரலுக்கு வேண்டாம்.

தாராவி_90அடி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். குடும்பத்தில் ஒருவரை இந்த மாதிரி சோதனையில் சேரச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

செம்பூர்_கோஆர்டினேட்டர்

தாராளமாகக் கேளுங்கள். எந்த மருந்து இலவசம், எது நம் செலவு? ஸ்கேன், ஸ்கோப், அட்மிஷன் யார் கணக்கில்? சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சை யார் பார்ப்பார்கள்? சோதனையில் சேராவிட்டால் இதே ஆஸ்பத்திரியில் என்ன கிடைக்கும்? நடுவில் விலகினால் சிகிச்சை தொடருமா? (விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.) சி.டி.ஆர்.ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண் என்ன? அது சம்மதப் படிவத்தில் இல்லாவிட்டால் கேட்டு வாங்கி இணையத்தில் தேடிப் பாருங்கள், யாரும் பார்க்கலாம். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போடுங்கள். அன்றே போடச் சொல்லி அவசரப்படுத்தினால் போடாதீர்கள். நோயாளியின் ரிப்போர்ட்டை இங்கே பதிவிட வேண்டாம்.

சயான் தம்பி, உங்களுக்கு. படிவம் மராத்தி, இந்தி, ஆங்கிலம் மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தமிழும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மொழிப் படிவத்தையும் திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்த்து, கமிட்டி அனுமதி வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி கூட இருக்க வேண்டும். வார்டு நர்ஸ் அந்தச் சாட்சி ஆக முடியாது.

2019-ன் புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகள்படி, ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகளை விற்பனை நோக்கமில்லாமல் கல்விக்காகச் சோதிப்பது தனி வகை, எதிக்ஸ் கமிட்டி அனுமதி அடிப்படை. அதற்காக எஸ்.ஏ.ஈ-யில் (அட்மிஷன், மரணம் போன்ற கடும் பாதிப்பு) அலட்சியம் கூடாது: தெரிந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் போக வேண்டும். டேஸுக்கான வழக்கமான அட்மிஷன் எஸ்.ஏ.ஈ இல்லை என்று வரைவிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒவ்வொரு டேஸுக்கும் ஒரு எஸ்.ஏ.ஈ ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். சி.டி.ஆர்.ஐ பதிவு முதல் நோயாளி சேரும் முன் முடிந்திருக்க வேண்டும்; பின்தேதியில் ஏற்க மாட்டார்கள்.

ஆஞ்சியோ_அறை

மறுபடி டேஸ் எப்போது என்பதையும் தீர்த்துவிடுங்கள். 'தேவைப்பட்டால்' என்று விடக்கூடாது. ஸ்கேனில் உயிருள்ள கட்டி இருக்க வேண்டும், ஆல்பி கிரேடு முன்பைவிட மோசமாகியிருக்கக் கூடாது, பிலிருபின் 2-க்குள். பெவ்வின் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள். பெவ் ஓடும் உடம்பில் ஆர்ட்டரி மெலிந்து, வயரைத் தொட்டாலே பிரியும். ஒரு சுற்று பெவ்வை விட்டுவிட்டு அட்டெசோ மட்டும் கொடுத்து, பிறகு டேஸ், பிறகு 14 நாள் கழித்து பெவ். இரண்டு டேஸுக்குப் பிறகும் கட்டி அடங்காவிட்டால் மூன்றாவது வேண்டாம்.

சயான்_ரெசிடென்ட்

புது வரைவு: பி.சி.எல்.சி 'சி', ஈரலில்தான் பெரும்பங்கு நோய். மெயின் ட்ரங்க் அடைப்பு வெளியே. ரேண்டமைஸ் 1:1, ஆல்பி கிரேடாலும் போர்ட்டல் வெயின் அடைப்பாலும் பிரித்து. டேஸ் ஆர்மில் முதல் 12 பேர் ரன்-இன். மீதி மேலே சொன்னபடி. ஒரு சந்தேகம்: கன்ட்ரோல் ஆர்மில் அட்டெசோ-பெவ் உடனே தொடங்கும், டேஸ் ஆர்மில் 14 நாள் தள்ளி. இது அநியாயமில்லையா?

புள்ளிக்காரன்

டேஸ் ஆர்மில் அட்டெசோவை உடனே தொடங்கி பெவ்வை மட்டும் தள்ளலாம், ஈரல்_வார்டு மேடம் ஒத்துக்கொண்டால்.

ஈரல்_வார்டு

ஒத்துக்கொள்ள மாட்டேன். ரன்-இன் 12 பேரில் ஏ.எல்.டி ஏறினால் டேஸா, அட்டெசோவா என்று பிரிக்க முடியாமல் போகும். ரன்-இன்னில் இரண்டையும் சேர்த்து 14 நாள் தள்ளுங்கள். அந்த 12 பேர் ஆறு வாரம் தாண்டியதும் கண்காணிப்புக் குழு பார்த்து, அட்டெசோவை முன்னால் நகர்த்தலாமா என்று முடிவு செய்யட்டும். அந்த வாசலை வரைவிலேயே எழுதி வையுங்கள், பின்னால் திருத்தம் போட்டால் மூன்று மாதம் போகும். நகர்த்தினால் முன்னால் சேர்ந்த 12 பேரைப் பி.எஃப்.எஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதையும் இப்போதே எழுதுங்கள்.

செம்பூர்_கோஆர்டினேட்டர்

ஸ்கோப் தேதி கையில் கிடைத்த பிறகு ஸ்கிரீனிங் தொடங்குங்கள். ஸ்கிரீனிங் 28 நாள், பேண்ட் போட்டால் அதற்கே 2 முதல் 4 வாரம் போகும், கணக்கு உதைக்கும். பேண்ட் தேவைப்பட்டவருக்கு ஸ்கிரீனிங் 56 நாள் என்றும், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ரேண்டமைஸ் செய்வதற்கு முந்தைய 14, 28 நாளுக்குள் திரும்ப என்றும் தனி வரி போடுங்கள். லேப் ரிப்போர்ட்டில் ஐ.என்.ஆர் விட்டுப்போகாமல் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுதான் இருக்காது.